உட்கார முடியாத வருத்தம்

2003, நொர்வேயில் புருசெத். சோபாவில் தில்லைநாதன், பக்கத்தில் தமையன் சோதிலிங்கம், சாய்வுக் கதிரையில் மைத்துனர் குகதாசன், மிச்சமிருந்த ஒரே கதிரையில் குகதாசனின் குளிர்ச்சட்டை. தில்லைநாதனின் மனைவி யோகராணி தேநீர்த் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றாள்.

மேசையில் நீதிமன்றக் கடிதம் கிடந்தது. ஜூரியாக அமர்ந்து வழக்குக் கேட்க அழைப்பு. முடியாதென்றால் தக்க காரணம் எழுத வேண்டும். அது வந்ததிலிருந்து யோகராணி நாலைந்து தரம் எடுத்து வாசித்துவிட்டாள். உள்ளூர ஒரு புளுகம், வெளியே சொல்லாத சந்தோஷம், இருந்தது.

“ஆரோ களவெடுத்ததுக்கு நாங்கள் ஏன் மினைக்கெட வேணும்?” என்றார் தில்லைநாதன்.

“எண்டாலும் ராசா கூப்பிட்ட மாதிரியெல்லோ?” என்று இழுத்தார் சோதிலிங்கம். “சரி, முழங்கால் வருத்தமெண்டு எழுதுவம்.”

“அண்ணை, அங்கை ஓடவோ சொல்லுறாங்கள்? இருக்கத்தானே சொல்லுறாங்கள்!” என்றார் குகதாசன்.

“அப்ப இருக்கேலாத வருத்தம்... மூலவியாதி!” என்றார் சோதிலிங்கம்.

மூவரும் கைதூக்கினார்கள். தீர்ப்பு ஏகமனதாயிற்று.

அந்த வீட்டில் நொர்வேஜிய மொழியைப் பிழையின்றி எழுதுபவள் யோகராணிதான். குளிர்ச்சட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மேசையோரம் நின்றபடியே எழுதினாள்.

“மூலவியாதியை வடிவா எழுதினனியோ?” என்று கேட்டார் சோதிலிங்கம்.

“எழுத வேண்டியதை எழுதியிருக்கிறன்.”

“அப்ப கையெழுத்தை வை,” என்றார் தில்லைநாதன். “உன்ரை பேருக்குத்தானே கடிதம் வந்தது.”

வைத்தாள். மேலே இரண்டே வரிகள் இருந்தன: ‘எத்தனை நாளென்றாலும் வருகிறேன். எனக்கென்று அங்கே ஒரு கதிரை உண்டு என்பதை மட்டும் உறுதிப்படுத்தவும்.’

உறையை நாவால் நனைத்து ஒட்டினாள். கீழே இறங்கிப்போய்ச் சிவப்புத் தபால்பெட்டிக்குள் போட்டாள்.