கப்பல் ஏறியவள்

சீமையில் ஒரு நாவலை வைத்து எடுத்த ஊமைப்படம் அது. கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது சவரிமுத்துவின் வேலை. படத்தின் கடைசியில், புருஷனிடம் அறை வாங்கிய துரைசானி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கப்பல் ஏறிவிடுவாள். திரும்பி வருவதே இல்லை. இதை நம் சனம் ஒத்துக்கொள்ளாது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். "புருஷனுக்கு உடம்பு சரியில்ல. மருந்து வாங்கத்தான் அம்மா கப்பல்ல போறாங்க," என்பான். ஆண்கள் பக்கம் கைதட்டல் அடங்க நேரமாகும்.

பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி அருளாயி தினமும் வந்து உட்காருவாள். ஒரு நாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. திரையில் கப்பல் வந்ததும், "மருந்து வாங்கப் போறவ மூஞ்சியா இது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டாள்.

அவன் வீடு திரும்பியபோது அவளும் இல்லை, தகரப் பெட்டியும் இல்லை.

விடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "என்னப்பா, அருளாயியக் காணோம்?"

சவரிமுத்து கொட்டகையில் பேசும் அதே குரலில் சொன்னான். "எனக்கு உடம்பு சரியில்லண்ணே. மருந்து வாங்கப் போயிருக்கா."

எதிர்வீட்டுக்காரர் கை தட்டவில்லை.