ஆறாவது ஆய்வகத்தின் பதில்

"தம்பிக்குச் சாப்பாடு மாத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள். தோளில் தொங்கிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"காலையிலேயே ஆச்சுக்கா. நீங்களே பாருங்க, கொழுகொழுன்னு இருக்கான்," என்றாள் டெக்னீஷியன் பெண். செல்களைக் கதகதப்பாய் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்து ஒரு தட்டையான குப்பியை எடுத்து நீட்டினாள். உள்ளே சாப்பாடாக இளஞ்சிவப்பாய்க் கொஞ்சம் சத்துத் திரவம், அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான செல்கள்.

நிஜத் தம்பி ஊரின் இன்னொரு கோடியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கே வரும் தினுசு. அறுத்தெடுத்த கட்டியில் கிடைத்த துணுக்கு அத்தனையையும் அக்கா வேலை பார்க்கும் இந்த ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். வளர்த்து, அதன் மேல் மருந்துகளைப் போட்டுப் பார்த்து, எது கொல்கிறதோ அதை அவனுக்குக் கொடுப்பதாகத் திட்டம். குப்பியில் ஒட்டிய சீட்டில் அக்காதான் 'தம்பி' என்று எழுதினாள்.

ஆரம்பத்தில் அது படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா! இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்ன நேரத்தில், என்ன வந்ததோ ஏது வந்ததோ, ஒரே வாரத்தில் பெருகிக் குப்பியை அடைத்துவிட்டது.

"சின்ன வயசுலேயும் அவன் இப்படித்தான். எல்லாத்துலயும் மெதுவா ஆரம்பிப்பான், அப்புறம் ஒரே பாய்ச்சல்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள் அக்கா. அத்தனையும் சந்தோஷக் கண்ணீர்.

அவளுக்கு வேலையே ஆய்வகங்களின் முடிவுகளைச் சேர்த்து வைப்பதுதான். ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு தகவல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதை. கட்டுரை அச்சில் வரும் வரைக்கும் கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்களின் கையைக் காலைப் பிடித்து, ஐந்து ஆய்வகங்களுக்குச் செல்லை அனுப்பி, வந்த முடிவுகளையெல்லாம் ஒரே இணையதளத்தில் ஏற்ற வைத்தாள்.

ஐந்தும் ஒரே மருந்தைச் சொல்லின. ஒருவர் தப்பாகச் சொல்லலாம், ஐந்து பேருமா தப்பாகச் சொல்வார்கள்? டாக்டரும் நம்பினார், மருந்தை ஆரம்பித்தார்.

குப்பியில் செத்த நோய் உடம்பில் சாகவில்லை. தம்பி நாளுக்கு நாள் தேய்ந்தான். நேற்றுப் போனபோது தலையணையில் முகம் மட்டும்தான் இருந்தது.

"அங்க நான் எப்படிக்கா இருக்கேன்?" என்று கேட்டான்.

"ஜம்முன்னு இருக்கே."

"கொடுத்து வெச்சவன். இங்க இருக்கறவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கச் சொல்லு." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

வராந்தாவில் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம்மா. அதுக்கு மேல உடம்பு தாங்காது. எதைக் கொடுக்கறதுன்னு உங்க ஆளுங்கதான் சொல்லணும். திரும்பக் கத்தி வெச்சுப் புதுசா துணுக்கு எடுக்கவும் வழியில்ல."

அக்காவுக்கு மிஞ்சியிருந்தது ஆறாவது ஆய்வகம் ஒன்றுதான். கடைசியாகச் சேர்ந்த சின்ன இடம். செல்லை வாங்கி எத்தனையோ நாளாகியும் அவர்களிடமிருந்து ஒரு வரிகூடத் தளத்தில் ஏறவில்லை. இன்றைக்கு விடுவதில்லை என்று ஃபோனைப் போட்டாள். அந்த ஆய்வகத் தலைவியே எடுத்தாள்.

"மருந்து சோதனை இன்னும் ஆரம்பிக்கலைங்க," என்றாள் தலைவி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆரம்பிக்கலையா? இங்க ஒரு உசிரு ஊசலாடிக்கிட்டு இருக்கு! மத்த அஞ்சு பேரும் எப்பவோ முடிச்சுட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க கேடு?"

தலைவி கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே அக்காவுக்கு என்னவோபோல் இருந்தது.

"மத்தவங்களுக்கும் செல் அனுப்பினது நீங்கதானா?"

"நானேதான். என் கையாலயே ஐஸ் பெட்டியில அடுக்கி அனுப்பினேன்."

"எல்லாமே ஒரே குப்பியிலேர்ந்து எடுத்ததா?"

"பின்னே? அவன் ஒருத்தன்தானே?"

"அந்த ரூம்ல வேற செல்லும் வளர்க்கறீங்களா?"

"நாலஞ்சு வகை இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்லேர்ந்துதான் சாப்பாடு ஊத்துவீங்களா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். டெக்னீஷியன் பெண் தம்பிக்கு ஊற்றிய அதே பாட்டிலிலிருந்து குழாயால் உறிஞ்சி உறிஞ்சி வரிசையாக மற்றக் குப்பிகளுக்கெல்லாம் விட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு.

"ஆமா..." என்றாள் அக்கா.

"எங்க வழக்கம் என்னன்னா, செல் எங்கேர்ந்து வந்தாலும் சரி, மருந்து வைக்கறதுக்கு முன்னாடி டி.என்.ஏ.வை வெச்சு அது யாருதுன்னு பார்த்துடுவோம். ஒரு சொட்டுல வேற செல் கலந்தாலும் போதும், அது பெருகி இருந்ததை அழிச்சுடும். இதை மூணு தடவை பார்த்துட்டோம். அதான் தாமதம்."

"யாருதா? அதான் சீட்டுலயே எழுதி ஒட்டியிருக்கேனே!"

 தலைவி மெதுவாகச் சொன்னாள்:

"இது யாரோ ஒரு பொம்பளையோட செல்லுங்க."