தண்ணீர் மட்டம்

“உலகம் சூடாகுதாம்! சொன்னவனை வந்து என் காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு” என்றார் பால் வண்டிக்காரர்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சிரித்தார். சிரிப்போடு வாயிலிருந்து புகை வந்தது. பட்டறைக்குள்ளேயே அப்படி.

தெருவில் இதுவரை யாரும் பார்த்திராத குளிர். குழாய்கள் உறைந்துவிட்டன. எதிர் மாடியின் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்கள் காலையிலிருந்து இடம் மாறவில்லை. உயிரோடுதான் இருக்கின்றனவா என்று யாரும் கல்லெறிந்து பார்க்கவில்லை.

“இந்தக் குளிர்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு எவன் வருவான்? பேசாம கம்பளி வித்துப் பொழைச்சுக்கோ.”

“நீ வந்திருக்கியே.”

“நான் உன் அடுப்புல குளிர்காய வந்தேன்யா.”

அப்போதுதான் மெக்கானிக்கின் தங்கை உள்ளே வந்தாள். கையில் போன். கண்கள் சிவந்திருந்தன. அந்த வாரம் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

“அவர் அனுப்பினது. பாரு அண்ணா.”

அவள் கணவன் உலகத்தின் உச்சியில், வட துருவத்தில் இருந்தான். உறைந்த கடலின் மேல் கொட்டகை போட்டுக் குளிரை அளந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குச் சமையல்காரன்.

வேலை வந்தபோது அவள் வேண்டாம் என்றாள். கீழே கடல் இருக்கிறதே, தாங்குமா என்று கேட்டாள்.

அண்ணன்தான் பேசித் தீர்த்தார். ஐஸ் உருகுகிறது என்பது சம்பளத்துக்காக விஞ்ஞானிகள் கட்டும் கதை, அதன்மேல் லாரியே ஓட்டலாம் என்றார். மாப்பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியேற்றியதும் அவர்தான்.

அவள் வீடியோவைத் தட்டினாள்.

மேஜைமேல் எதிலோ சாய்த்து நிறுத்திய போன். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர். அதற்குப் பின்னால் மாப்பிள்ளை, வெறும் பனியனோடு, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். நெற்றி வேர்த்திருந்தது. கூரையில் சடசடவென்று எதுவோ விழுந்துகொண்டிருந்தது.

“மச்சான், இங்க மழை! ஐஸ் மேல மழை! படிச்சவங்க எல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறாங்க. உங்க தொழில்ல சொல்லணும்னா, எவனோ ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். இங்கேயிருந்து கிளம்பின குளிரு உங்க பக்கம்தான் வருதாம். பத்திரமா வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்.”

சீவி வைத்த கிழங்கு ஒன்று மெல்ல உருண்டு மேஜையிலிருந்து விழுந்தது. எடுத்து வைத்தான். மறுபடியும் உருண்டது. அதற்கும் புழுக்கம் தாங்கவில்லை என்று சிரித்தான். தனக்கும் லேசாகத் தலை சுற்றுவதாகச் சொன்னான். அதோடு முடிந்தது.

“கொடுத்து வச்சவன்யா!” பால் வண்டிக்காரர் தொடையில் தட்டினார். “நாம இங்க விறைச்சுச் சாகறோம், மாப்ள அங்க பனியனோட! அந்தக் கிழங்கு விழறதை இன்னொரு தடவை போடும்மா.”

அவள் போட்டாள்.

இந்தத் தடவை மெக்கானிக்குக்குச் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பழக்கத்தில் திரும்பி எந்தப் பெட்டி ஒழுகுகிறது என்று பார்த்தார். பட்டறையில் ஒழுகுவதற்கு எதுவும் இல்லை. எல்லாம் உறைந்து கிடந்தது.

சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது.

கதவு திறந்து கிடந்தால் வெளியே நிற்பவனுக்குக் கால் சில்லிடும். உள்ளே என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கிறது.

“கிழங்கைப் பார்க்காதே அண்ணா” என்றாள் தங்கை. “டம்ளரைப் பாரு.”

கல்யாணத்துக்கு முன்பு அவள்தான் பட்டறையில் அவருக்கு ஒத்தாசை. ஃப்ரிட்ஜை இறக்கி வைத்ததும் அதன் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பார். அந்த டம்ளரை நிரப்பித் தந்தவள் அவள்.

மூன்றாம் தடவை அவர் தண்ணீரை மட்டும் பார்த்தார்.

தொடக்கத்தில் அது விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மழையைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கம் நூலளவு ஏறியிருந்தது. கிழங்கு விழுந்தபோது, கிழங்கு விழுந்த அதே பக்கம், விரலளவு.

யாரும் டம்ளரைத் தொடவில்லை. சாய்ந்துகொண்டிருந்தது மேஜை. மேஜை நின்ற தரை. தரைக்குக் கீழே இருந்த ஐஸ்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். பால் வண்டிக்காரரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப வந்தது?”

“இங்க குளிரு ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள்.”

வீடியோ முடிந்து திரை மெசேஜ் பக்கத்துக்குத் திரும்பியது. அதற்குக் கீழே அவள் எழுதியவை நீளமாகக் கிடந்தன. சாப்பிட்டீங்களா. நீங்க சொன்ன மாதிரியே குளிரு வந்துருச்சு. ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒற்றை டிக்.

மெக்கானிக் நிமிர்ந்தார். முந்தின நாள் அவர் மட்டம் பார்க்க வைத்த டம்ளர் எதிரிலிருந்த ஃப்ரிட்ஜின் தலையில் அப்படியே இருந்தது. தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. இம்மி பிசகாத மட்டம்.

“அந்தக் கதவைச் சாத்துய்யா” என்றார் பால் வண்டிக்காரர், கைகளைத் தேய்த்துக்கொண்டே. “குளிரு உள்ள வருது.”