பதினெட்டாம் நம்பர் வீட்டில் ஏழு பேர்

"பதினெட்டாம் நம்பர் வீட்டுப் பொண்ணு பொய் சொல்றா, ஹேமா" என்றேன், வீட்டுக்குள் நுழையும்போதே.

என் மனைவி ஹேமலதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு, ஜாஸ்லினா? என்ன பொய்?"

"வீட்டுல ஏழு பேருன்னு சொன்னா. இருக்கிறது அவ ஒருத்திதான்."

நான் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். துறை என்னை விட்டுவிட்டது, நான்தான் இன்னும் அதை விடவில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குச் சாக்கடை வசதி கேட்டு மனு கொடுக்கலாம் என்று தெரு சங்கத்தில் பேச்சு வந்தது. "வெறும் மனு குப்பைக்குத்தான் போகும். தெருவோட சமூகப் பொருளாதார நிலையைப் புள்ளிவிவரத்தோட காட்டணும்" என்று எழுந்து நின்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. வேலை தன் தலையில் விழவில்லை என்று மற்றவர்கள் நிம்மதி அடைந்ததை, எனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். எத்தனை பேர், என்ன வேலை, என்ன வருமானம்? கல்யாண வயதில் பிள்ளை இருப்பவர்கள் வருமானத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் குறைத்துச் சொன்னார்கள். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் லூர்துநாதன், "முசியே, யூரோவுல சொல்லவா, ரூபாயில சொல்லவா?" என்று கேட்டுவிட்டு இரண்டிலுமே சொல்லவில்லை.

கடைசி வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்த ஜாஸ்லின், கதவைக் கொஞ்சமாகத் திறந்து "ஏழு பேரு சார்" என்று சொல்லி உடனே சாத்திக்கொண்டாள்.

"ஒருத்திதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ஹேமலதா.

"பால் பூத் கன்னியப்பனைக் கேட்டேன். வாங்கறது கால் லிட்டர் பாக்கெட். ஏழு பேருக்கு அது எப்படிப் போதும்? மொட்டை மாடியில காயறது அவ துணி மட்டும்தான். குப்பைப் பையும் இத்துனூண்டு."

"குப்பையை எல்லாமா பாத்தீங்க?"

"அதுக்குப் பேரு மறைமுகக் குறியீடு."

"அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

நான் கண்டுகொள்ளவில்லை. "இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? எதிர் வீட்டு நாராயணசாமியும் 'ஏழு பேருதான் சார்'ங்கிறாரு. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி 'அந்த வீட்டு ஆம்பளைங்க பேச்சு சத்தத்துல தூக்கமே வர்றதில்ல'ங்கிறா. வாசல் பூரா ஆம்பளைச் செருப்பா பரப்பி வச்சு ஏமாத்தறாங்க. தெருவே கூட்டு!"

"எதுக்காம்?"

"தலைக்கணக்கைக் கூட்டிக் காட்டினா அரசாங்கத்துல ஏதாவது கிடைக்குமேன்னுதான். இந்த ஒரு வீட்டால என் சராசரியே கெட்டுப்போச்சு. விடுவேனா? ஒண்ணுன்னு திருத்திட்டேன். வீட்டு நம்பர் போட்டு, ஆள் கணக்கு போட்டு, சார்ட்டு ரெடி. பால் பூத் சுவத்துல ஒட்டப்போறேன். ஊரே பார்க்கட்டும்!"

ஹேமலதா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒட்டிட்டீங்களா?"

"இல்ல, பசை எடுக்கத்தான் வந்தேன்."

அவள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அவ அங்க தனியாத்தான் இருக்கா. போதுமா? புருஷன் குடிச்சிட்டு வந்து அவ கையை ஒடைச்சவன். அவனுக்குப் பயந்து உப்பளம் ஏரியாவுலேர்ந்து இங்க வந்துட்டா. போலீசுலயும் எழுதிக் குடுத்திருக்கா. ஆனா போலீசு வாசல்லயேவா நிக்கும்? போன மாசம் தேடிக்கிட்டு வந்துட்டான். வாசல்ல கெடந்த செருப்பைப் பாத்து, நாராயணசாமி அண்ணன்கிட்ட 'உள்ள யாரு'ன்னு கேட்டிருக்கான். 'அவ அண்ணன் தம்பிங்க, மாமனுங்க. அவளோட சேத்து ஏழு பேரு'ன்னு சொல்லிட்டாரு. அப்படியே திரும்பிப் போயிட்டான்."

தாழ்ப்பாள் போட்ட கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"திரும்ப வந்து, பால் பூத்துல உங்க சார்ட்டைப் பாத்தான்னா?" என்றாள்.

கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தேன். பதினெட்டு என்ற நம்பருக்கு நேராக ஒன்று. பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பு மையில் வேறு எழுதியிருந்தேன்.

"அப்ப அந்தச் செருப்பெல்லாம்?"

"நாங்க வச்சதுதான். அஞ்சலாட்சி, அவ புருஷன் செருப்பைக் குடுத்தா. லூர்துநாதன் பட்டாளத்து பூட்ஸைக் குடுத்தாரு."

"தெரு பூரா தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, செருப்பு குடுத்தவங்க எத்தினி சதவீதம்னு அதுக்கும் ஒரு சார்ட்டு போட்டிருப்பீங்க."

போட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது. இந்தத் தெருவின் குப்பை வரைக்கும் தெரிந்து வைத்திருந்த எனக்கு, தெரு மட்டும் தெரியவில்லை.

சார்ட்டைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒன்று எழுதினேன். பதினெட்டாம் நம்பரில் ஏழு பேர். சர்வீசில் தெரியாமல் தப்பு செய்திருக்கிறேன். தெரிந்தே பொய்க்கணக்கு எழுதியது அன்றைக்குத்தான்.

பசையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், என் காலைப் பார்த்தேன்.

"ஹேமா, போற வழியில என் செருப்பையும் அங்க வுட்டுட்டு வந்துடறேன்."

"வேணாங்க. உங்களுது ஏற்கெனவே அங்கதான் கெடக்குது. அந்தப் பழசு, வாரு பிஞ்சு ஆணி அடிச்சது."

அந்தச் செருப்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. கணக்கெடுக்கப் போன அன்று அதைப் பார்த்துத்தான், "இந்தச் செருப்புக்காரர் படிப்பறிவு இல்லாதவராக இருக்கக்கூடும்" என்று குறிப்பு எழுதி வந்தேன்.