மூன்றாவது சுடர்

யூதர் வீட்டில் ஹனுக்கா வந்தால் தெருப்பக்க ஜன்னலில் விளக்கேற்றி, தினம் ஒரு சுடரைக் கூட்டவேண்டும்.

"இந்த வருஷம் வேண்டாம். நாம யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சுடும்" என்றான் கணவன்.

காகிதம்தானே, குழந்தைக்கும் விரல் பழகட்டும் என்று ரிவ்கா மஞ்சள் தாளில் சுடர்கள் கிழித்துக்கொடுத்தாள். இரண்டரை வயது யாயேல் நாக்கைத் துருத்திக்கொண்டு, தினம் ஒன்றாக, ஜன்னல் கண்ணாடியில் கோணல்மாணலாக ஒட்டினாள்.

மூன்றாம் நாள் மாலை பசை டப்பாவை இன்னும் திறக்கவேயில்லை. கண்ணாடியில் மூன்று சுடர்கள் இருந்தன.

"அதுக்குள்ள ஒட்டிட்டியாடி, கள்ளி?"

"நா ஒட்டலம்மா."

மூன்றாவது மட்டும் கத்தரியால் வெட்டியதுபோல் நேர்த்தியாக இருந்தது. ரிவ்கா சிரித்துக்கொண்டே அதை நகத்தால் சுரண்டினாள். நகம் வழுக்கியது. தாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.