கழன்று நின்ற டிஸ்க்

“அந்த போல்டர் மேல கைய வச்சீங்க, நல்லா இருக்காது. சொல்லிட்டேன்!”

கோகிலவாணி போட்ட சத்தத்தில் அன்பரசன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஜமுனாமரத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் வெற்றிவேலின் தங்கை அவள். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். அன்பரசனுக்குப் போளூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை.

வெற்றிவேல் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் ஏற்றுவதும் அழிப்பதும் அப்படியே மற்றதிலும் நடக்கும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் என்பதற்காகத்தான் அந்த ஜோடி. அதில் ஒன்று எப்போதோ கழன்றுவிட்டது.

“தெனம் ஆன் பண்ணா செவப்பு எழுத்துல என்னமோ வரும். நான் என்டரத் தட்டிட்டுப் போய்ட்டே இருப்பேன்” என்று போன வாரம் வெற்றிவேல் போளூர் கடையில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான்.

“ஒரு டிஸ்க்கு கழண்டுச்சுன்னு அது கத்தியிருக்குது, அண்ணே.”

“இங்கிலீஷ்ல கத்துனா எனக்கு எப்டிய்யா கேக்கும்?”

“கழண்டதத் தொடாதீங்க. நானே வர்றேன்” என்ற அன்பரசன், சொன்னபடி இன்று பஸ் பிடித்து மலையேறி வந்துவிட்டான். பிரித்துப் பார்த்தால், கேபிளை எலி கடித்திருந்தது. டிஸ்க் நன்றாகவே இருந்தது. கேபிளை மாற்றி முடித்ததும் வெற்றிவேல் டீ வாங்கப் போனான்.

அவன் போனதும்தான் அன்பரசன் அந்த போல்டரைத் தேடி எடுத்தான். ‘ரேணுகாதேவி திருமணம்.’

ரேணுகாதேவி, கோகிலவாணியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். முதல் புருஷன் அடித்த அடி தாங்காமல் திரும்பி வந்தவள். ஆல்பத்தை அடுப்பில் போட்டுவிட்டு, வீடியோவையும் அழிக்கச் சொல்லி இதே வீட்டில் வந்து நின்றவள். இப்போது அன்பரசனின் மனைவி.

“பக்கத்துல உக்காந்து அழிக்க வச்சதே நான்தான். இது எங்கேருந்து வந்துச்சு?”

“ஓடுற டிஸ்க்குல அழிஞ்சுதான் போச்சுங்க. இது அதுக்கு முந்தியே கழண்டது. கழண்ட அன்னிக்கு இன்னா இருந்துச்சோ, அப்டியே இருக்குது.”

“இருந்தா இன்னா? ரிப்பேருக்கு வந்தீங்களா, பொண்டாட்டியோட பழைய கல்யாணத்த நோண்ட வந்தீங்களா?”

அன்பரசன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான்.

“ஓ, காப்பி வேற! எதுக்கு? நாளைக்கு ஒரு சண்டைன்னா போட்டுக் காட்டவா?”

“ஏங்க கத்துறீங்க…”

“கத்துவேன். ரெண்டாங் கல்யாணம்னு தெரிஞ்சே கட்டிக்கிட்டாரு, பெரிய மனசுன்னு ஊரெல்லாம் பேச்சு. உள்ள அதே ஆம்பளப் புத்தி! உங்க மொத கல்யாணத்த யாராச்சும் இப்டித் தோண்டுனா சும்மா இருப்பீங்களா?”

“எனக்கு இதாங்க மொத கல்யாணம்.”

“பேச்சுக்குச் சொன்னேன்!”

“ரேணுகாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஏன்னா…”

அவ்வளவுதான். கோகிலவாணி மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். கழன்ற டிஸ்க்கை மறுபடி ஜோடி சேர்க்கவா என்று ஒரு பட்டன் திரையில் காத்திருந்தது.

“இத அழுத்துனா ஓடுற டிஸ்க்குல இருக்கறது இதும்மேல ஏறிடும். பழசெல்லாம் போய்டும். அப்டித்தான?”

“அப்டித்தான். அழுத்தாதீங்க… உங்களக் கும்புடுறேன்.”

“ஏன் அழுத்தக் கூடாது? ஒரு காரணம் சொல்லுங்க பாக்கலாம்.”

“அதுல மாமா இருக்காருங்க.”

கோகிலவாணியின் விரல் நின்றது. ரேணுகாவின் அப்பா கோபால்சாமி. மகள் திரும்பி வந்த மறு வருஷமே போய்விட்டார்.

“போட்டோ இருக்குது. அவரு பேசறது எங்கயுமே இல்ல. அப்பா கொரலே மறந்து போவுதுன்னு இவ அழுவுறா. இந்தக் கல்யாணத்துலதான் மாமா மண்டபம் பூரா பேசிட்டே இருந்தாராம்.”

“அத அவகிட்டயே சொல்லிட்டு வந்தா இன்னா?”

“வந்து பாத்து, இல்லாம போச்சுன்னா? ரெண்டாவது வாட்டி அப்பாவப் பறிகுடுத்த மாரி ஆய்டும்ங்க.”

கோகிலவாணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அன்பரசன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

“நீங்களே உக்காருங்க. மாமா பேசற எடத்த மட்டும் வெட்டி பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. அப்புறம் அந்தப் பட்டனயும் நீங்களே அழுத்திடுங்க.”

“நீங்க பாக்கலயா?”

“வேணாம்ங்க. அவ அழிக்கச் சொன்னதாச்சே. அத நான் பாக்கக் கூடாது.”

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

“மாமாவ நேர்ல பாத்திருக்கீங்களா, அண்ணா?” அவளுக்கே தெரியாமல் ‘அண்ணா’ வந்துவிட்டது.

“இல்லீங்க. நான் வர்றதுக்கு முந்தியே போய்ட்டாரு.”

கோகிலவாணி வீடியோவை ஓட்டினாள். மேளம், பந்தி இரைச்சல். அதையெல்லாம் மீறி, புது மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் குனிந்து நின்ற கோபால்சாமியின் வெண்கலக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“வயிறார சாப்ட்டீங்களா, மாப்ள?”

சுவரைப் பார்த்தபடியே அன்பரசன் மெதுவாகச் சொன்னான்.

“சாப்ட்டேன், மாமா.”