பெங் வீட்டுக் குப்பை

“முடியாது பெரியப்பா. உங்க வீட்டுக் குப்பைய நான் எடுக்க மாட்டேன்.”

பெங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. கீலுங் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். கப்பல் கேப்டன்களே அவரிடம் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. நேற்று முளைத்த இந்த யூ-சின் சொல்கிறாள்.

“காசு தரேன்னுதானே சொல்றேன்?”

“காசு பிரச்சனை இல்ல.”

“பின்ன? என் குப்பை மட்டும் நாறுதா?”

“எல்லாக் குப்பையும்தான் நாறுது,” என்றாள். மூன்றாம் மாடிக்காரர்களின் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் பையோடு ஓட வேண்டும். தவறவிட்டால் கரப்பான் குடிவந்துவிடும். யூ-சின் கம்பெனி வேலையில் இருந்தவரை வண்டியைப் பிடித்ததே இல்லை. ஒருமுறை மீன்முள் பையை ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக்கொண்டு வண்டியைத் துரத்தினாள். பை கிழிந்து கோயில் வாசலில் கொட்டியது. பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் யோசனை வந்தது. வேலையை விட்டாள். மாதச் சந்தா கட்டிவிட்டுப் பையை வாசலில் வைத்தால் போதும். அவள் கொண்டுபோய் வண்டியில் போடுவாள்.

தொழில் பிடித்துக்கொண்டது. படிக்கட்டுக்கு அடியில் அவளுடைய வாளிகளுக்கு இடம் கொடுத்ததே பெங்தான். கட்டடக் கமிட்டித் தலைவர் அவர்.

இடம் கொடுத்தவருக்கே இல்லையாம்!

நான்காம் மாடி ஜியென் அக்காவைப் பிடித்தார்.

“எனக்கும் மாட்டேன்னுட்டா,” என்றாள் அவள். “கிழடுங்கன்னா இளக்காரம். வேற என்ன?”

“அப்ப ரெண்டாம் மாடிக் கிழவன் கிழவிக்கு எடுக்கிறாளே?”

“அதானே!”

பெங்குக்கு மண்டை குடைந்தது. வேவு பார்க்க ஆரம்பித்தார்.

மேல்மாடி மாணவர்கள், ஒரே அறையில் மூன்று பேர், பன்றித் தொழுவம் தோற்கும். எடுக்கிறாள். நாய் வளர்க்கிற குடும்பம். அந்தக் கண்றாவியையும் எடுக்கிறாள். வீட்டுக்குள்ளேயே மெஷின் போட்டுத் தைக்கிற ஷுவே, கை கழுவாமல் கதவைத் தொடாதவன், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு மாட்டேன் என்றாளாம்.

வயசும் இல்லை, அழுக்கும் இல்லை. அப்புறம் என்னதான் கணக்கு?

மறுநாள் வழிமறித்தார்.

“காரணத்தைச் சொல்லு. இல்லன்னா வாளியெல்லாம் நாளைக்கே காலி பண்ணு.”

அவள் முகம் வெளுத்தது. அந்த இடம் போனால் தொழில் போயிற்று. தெருவில் வேறு எவன் குப்பை வாளிக்கு இடம் தருவான்?

“சொன்னா கோவப்படுவீங்க.”

“இப்ப என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?”

“பெரியவங்ககிட்ட சொல்லக் கூடாத பேச்சு பெரியப்பா. வேணாம்.”

“அப்ப காலி பண்ணு.”

வாளிகள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “சரி,” என்றாள்.

பெங் இதை எதிர்பார்க்கவில்லை. பிழைப்பே போனாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாளே, அப்படி என்ன ரகசியம்?

அடுத்த சாயங்காலம் மழை. வண்டி வருகிற நேரம். பெங்குக்கு வீம்பு. கீழே போய் இந்தப் பெண் முகத்தில் எவன் முழிப்பது? ஒருநாள் குப்பை வீட்டில் கிடந்தால் செத்தா போய்விடுவேன்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவியில் பேஸ்பால் பார்க்க உட்கார்ந்தார். ஆட்டம் சூடு பிடித்தது.

திடீரென்று வாசல் பக்கம் வெளிச்சம். திரும்பினார்.

கதவு திறந்து கிடந்தது. கையில் டிரில் மெஷினோடு தெருமுனைப் பூட்டுக்காரன். பின்னால் சொட்டச் சொட்ட நனைந்து யூ-சின். அவளுக்குப் பின்னால் ஜியென் அக்கா, ஷுவே.

“இருக்காரு!” என்று கத்தினான் ஷுவே. “நல்லாத்தான் இருக்காரு! மேட்ச் பார்க்கறாரு!”

பெங் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். “என்ன கூத்து இது? வாளிக்கு இடம் இல்லைன்னா பூட்டை உடைப்பியா?”

“வண்டி வந்துச்சு. நீங்க வரல.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “கதவைத் தட்டினேன். போன் அடிச்சேன். அக்கா வந்தாங்க, ஷுவே அண்ணன் வந்தாரு. நீங்க மட்டும் வரல.”

“வரலைன்னா?”

யூ-சின் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“பக்கத்துத் தெருவுல என்னோட முதல் வாடிக்கை, உங்கள மாதிரி, அக்கா மாதிரி, ஷுவே அண்ணன் மாதிரி ஒத்தை ஆளுதான். வீட்டோட இருப்பாரு. குப்பை போட மட்டும்தான் கீழ இறங்குவாரு. அதையும் நான் நிறுத்தி வெச்சேன். அவரு உள்ள விழுந்து கிடந்திருக்காரு. நான் வாசல்ல பை இல்லையே, இன்னைக்கு ஒரு பை குறைச்சல்னு சந்தோஷமா அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன் பெரியப்பா. தினமும்.”



பெங் பூட்டுக்காரன் மேல் எரிந்து விழுந்தார்.

“என்னய்யா வேடிக்கை? புதுப் பூட்டு போடு. சாவி ரெண்டு குடு. ஒண்ணு இவளுக்கு.”